கேடயம் தட்டிய ஊர்

என் இரண்டாவது மகள் பிறந்தபோது, மிஷன் ஆஸ்பத்திரியில் டென்மார்க்கிலிருந்து வந்திருந்த நர்ஸம்மா ஒருவர் ஒரு மத்தியான வேளையில் எனக்குச் சொன்ன கதை இது.

வடக்கே, கடலும் பனியுமாகக் கிடக்கும் ஒரு தீவில், ரொம்பக் காலத்துக்கு முன்னால் ஹல்வார் என்றொரு தலைவன் இருந்தான். அந்த ஊரில் ஒரு வழக்கம். தலைவன் சொன்னதற்குச் சம்மதம் என்றால், ஆண்கள் எல்லாரும் ஈட்டியால் கேடயத்தைத் தட்டுவார்கள்.

ஒரு வருஷம் பனி உருகுவேனா என்றது. மாட்டுக்கென்று சேர்த்திருந்த காய்ந்த புல் பாதி வீடுகளில் தீர்ந்துபோயிற்று. மாடு செத்தால் பால் இல்லை. பால் இல்லாவிட்டால் அங்கே பிள்ளைகள் பிழைக்காது.

ஹல்வார் கூட்டம் கூட்டினான். "புல் இருக்கிறவர்கள் இல்லாதவர்களுக்குக் கொடுங்கள்!" என்றான். கேடயங்கள் இடி மாதிரி முழங்கின. அவனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஆனால் ஒரு கட்டுப் புல்கூட வாசலைத் தாண்டவில்லை.

மறுபடியும் கூட்டினான். மறுபடியும் முழக்கம். புல் நகரவில்லை.

மூன்றாம் தடவை தட்டிய தட்டில் மலைப்பறவையெல்லாம் பறந்தோடின. புல் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"கேடயம் உடையுற மாதிரி தட்டுறானுங்க, வீட்டுக்குப் போனதும் மறந்துடுறானுங்க!" என்று மனைவி ஆஸ்னியிடம் புலம்பினான்.

அவள் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே, "மறக்கலைங்க. போறப்ப எல்லாரும் நம்ம கொட்டகையைத்தான் திரும்பித் திரும்பிப் பாத்துட்டுப் போறாங்க" என்றாள்.

"அது தலைவன் வீட்டுப் புல்லு. ஒரு அவசரத்துக்கு வேணாமா?"

"ஓஹோ, அப்ப இது அவசரம் இல்லையா?"

ஹல்வாருக்குச் சுருக்கென்றது. போய்க் கொட்டகையைத் திறந்தான். கூரை முட்டப் புல். கொடுத்துவிட்டு, பனியும் நீண்டுவிட்டால்? அவன் மாடுகளும் சாகும். "தெய்வமே, நீதான் பாத்துக்கணும்" என்று சொல்லி, பாதிக்கு மேல் சறுக்கு வண்டியில் ஏற்றி, ஆளைக் கூப்பிடாமல் தானே இழுத்துக்கொண்டு புறப்பட்டான்.

புருஷனை இழந்த தோர்டிஸ் வீட்டு வாசலில் முதல் கட்டுப் புல்லை இறக்கினான்.

"என்ன தலைவரே, வழி தவறி வந்துட்டீங்களா?" என்று அவள் சிரித்தாள்.

"இத்தனை நாளாத்தான் தவறிப்போச்சும்மா."

அவன் வண்டியைத் திருப்புவதற்குள் பக்கத்து வீட்டுக் கொட்டகை திறந்தது. பிறகு எதிர்வீடு. பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் புல் வண்டி. பனி உருகியபோது மாடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. ஆனாலும் நின்றன, ஒரு பிள்ளைகூடப் பாலில்லாமல் போகவில்லை.

ஊருக்குச் சொல்வதை முதலில் தன் வீட்டில் செய்கிறவனே தலைவன்.

சரி, எழுந்து போகும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிற பாயைச் சுருட்டி வைத்துவிட்டுப் போங்கள்.