பதினோரு விநாடிக் குரல்

உமையாள் ஆச்சிக்கு வயது அறுபத்து மூன்று. சாமிக்கு நாற்பத்தெட்டு. தன்னைவிட இளையவர் காலில் விழுவதில் ஆச்சிக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. சாமிதான் காலை இழுத்துக்கொண்டார்.

"விழாதீங்க ஆச்சி. அப்புறம் தூக்கிவிட நான்தான் கை கொடுக்கணும். எனக்கே இடுப்புப் பிடிப்பு."

சிறுமலை அடிவாரத்தில் மூன்று ஓட்டுக் கட்டடம், ஒரு மாட்டுக்கொட்டகை, முன்னால் ஒரு செம்மண் பொட்டல். ஆசிரமம் என்றால் அவ்வளவுதான். ஆச்சி வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. கீரை ஆய்ந்தாள், பாத்திரம் விளக்கினாள், தியானத்தில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தபடியே தூங்கினாள். கேட்க வந்ததை மட்டும் கேட்கவில்லை. கேட்டுவிட்டால், "இல்லை" என்று சாமி சொல்லிவிடுவாரோ என்று பயம்.

பத்தாம் நாள் காலையில் கொட்டகைக்கே போய் நின்றாள். சாமி பசுவுக்குப் புண்ணாக்கு கரைத்துக்கொண்டிருந்தார்.

"சாமி, அவுக குரல் எனக்கு மறந்துபோச்சு."

"யாரு? வீட்டுக்காரரா?"

"ஆமா. போயி ரெண்டு வருஷம் ஆச்சு."

"முகம்?"

"முகம் இருக்கு. போட்டோ மாட்டியிருக்கேன்ல. குரல்தான் போயிருச்சு. கண்ணை மூடிக்கிட்டுக் கூப்பிட்டுப் பாக்குறேன். வாயசையுது, சத்தம் வரலை. அந்தக் குரலைத் திரும்பக் கேக்க எனக்கு ஏதாச்சும் வழி சொல்லுங்க சாமி. அதுக்குத்தான் வந்தேன்."

சாமி கையை நிறுத்தவில்லை. பசு நிறுத்தச் சொல்லவில்லையே.

ஆச்சி இடுப்பிலிருந்து செல்போனை எடுத்தாள். "அவுக குரல்னு இது ஒண்ணுதான் இருக்கு. பதினோரு விநாடி."

அமுக்கினாள். கொட்டகைக்குள் ஓர் ஆண்குரல் சாவகாசமாகப் பேசியது.

'உமை, பால் வாங்கிட்டேன். கொத்தமல்லி இல்லையாம். வேற என்ன வேணும்? சரி, வர்றேன்.'

பசு காதை ஒருதரம் ஆட்டியது.

"மொதல்ல இதைக் கேட்டா அவுக பேசுற மாதிரி இருந்துச்சு. கேட்டுக் கேட்டு, இப்ப செல்போன் பேசுற மாதிரி இருக்கு. தேஞ்சுபோச்சு சாமி."

சாமி யோசித்தார். "பால் வாங்கறதுல கெட்டிக்காரரோ?"

ஆச்சிக்குச் சுருக்கென்று வந்தது கோபம். பத்து நாள் பணிவெல்லாம் ஒரு நொடியில் பறந்தது.

"என்ன சாமி கேக்குறீக? முப்பத்து நாலு வருஷம் டென்னிஸ் சொல்லிக்கொடுத்த மனுஷன்! திருச்சியில வைரவன் மாஸ்டர்னா தெரியாத பிள்ளைக கிடையாது. பாலாம் பாலு!"

கேட்டிருந்தால் இன்னும் சொல்லியிருப்பாள். செட்டிநாட்டில் பிறந்தவன் கடை கண்ணி வைக்காமல் அரைக்கால் சட்டை மாட்டிக்கொண்டு வெயிலில் நிற்கிறானே என்று உறவெல்லாம் சிரித்தது. "வைரவன் என்ன பண்றான்?" "பந்து பொறுக்குறான்." அவர் அதற்கும் சேர்ந்து சிரிப்பார். ஆறு மணிப் பயிற்சி என்றால் ஐந்து ஐம்பத்தைந்துக்கு நிற்கவேண்டும். ஆறு ஒன்றுக்கு வந்தால் மைதானத்தைச் சுற்றி நாலு ஓட்டம். அவ்வளவு கறாரான ஆள், முதல் மழை பெய்த மறுநாள் மட்டும் யாரையும் கோர்ட்டில் இறங்க விடமாட்டார். ஈரச் செம்மண்ணில் தம்பலப்பூச்சிகள் சிவப்பு வெல்வெட் துணுக்குகளாக ஊரும். ஒவ்வொன்றாகக் கையில் ஏந்தி வேலியோரம் விட்டுவிட்டுத்தான் தரையில் உருளை ஓட்டுவார். ஞாயிற்றுக்கிழமையானால் பறவை பார்க்கத் தொலைநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு காடு மேடு. பிள்ளை குட்டி இல்லாத வீட்டில், அவர் திரும்பி வந்து வாசற்படியில் ஷூவைத் தட்டும் சத்தம்தான் அவளுக்குச் சாயங்காலம்.

அவருடைய வெள்ளைக் காலுறையைக் கசக்கினால் துவைகல்லில் சிவப்புத் தண்ணீர் ஓடும். சலித்துக்கொண்டேதான் முப்பத்து நாலு வருஷமும் கசக்கினாள். ஒருநாள் காலையில் ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அதற்கப்புறம் அந்தக் கல்லில் வெள்ளைத் தண்ணீர்தான். அதைப் பார்க்கப் பிடிக்காமல் அவள் துணியை வீட்டுக்குள்ளேயே அலசிவிடுகிறாள்.

இதையெல்லாம் சாமி கேட்கவில்லை.

"வந்த அன்னைக்கு நீளமா ஒரு பை கொண்டாந்தீங்களே. அதுல என்ன?"

"அவுக மட்டை. ஆறு பந்து. வீட்ல வச்சுப் பாக்க முடியலை. இங்க விட்டுட்டுப் போயிரலாம்னு..."

"கொண்டாங்க."

கொண்டுவந்தாள். சாமி கையைக் கழுவிவிட்டு மட்டையை உருவினார். காற்றில் ரெண்டு வீசு வீசினார். ஈ விரட்டுகிறார் என்றுதான் பசு நினைத்திருக்கும்.

"எனக்கு டென்னிஸ் சொல்லிக்கொடுங்க ஆச்சி."

"எனக்கு எங்கே தெரியும்? நான் மட்டையைத் தொட்டதே இல்லை."

"முப்பத்து நாலு வருஷம் எங்க இருந்தீங்க?"

"பெஞ்சுல."

"பெஞ்சுல என்ன பண்ணினீங்க?"

"வாரப் பத்திரிகை படிப்பேன். வெள்ளைப்பூண்டு உரிப்பேன்."

"காதைப் பொத்திக்கிட்டா உரிச்சீங்க?"

சாமி செல்போனை வாங்கிக் கொட்டகைச் சுவர்மேல் வைத்தார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு பொட்டலுக்கு நடந்தார்.

ஆச்சி முதல் பந்தைப் போட்டாள். அது சாமியைத் தாண்டிப் போன பிறகு அவர் மட்டையை வீசினார். இரண்டாவது, கணுக்காலில் பட்டது. மூன்றாவதை நன்றாகத்தான் அடித்தார். அது வேப்பமரத்துக்குள் போய்விட்டது. உலக்கையைப் பிடிப்பதுபோல மட்டையை ரெண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

ஆச்சி பல்லைக் கடித்துக்கொண்டாள். சாமியாயிற்றே. ஆனாலும் கண்ணால் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம்தான் பொறுப்பது?

"அப்படிப் பிடிக்கக் கூடாது சாமி."

"பின்னே?"

"கைகுலுக்குற மாதிரி. சம்பந்தி கையைப் பிடிக்கிற மாதிரி. நெரிச்சாலும் வம்பு, நழுவவிட்டாலும் வம்பு."

சாமி சம்பந்தி கையைப் பிடித்தார். நாலாவது பந்தும் போயிற்று.

"என் மூஞ்சிய என்னத்துக்குப் பாக்குறீக? அதுலயா பந்து வருது? பந்தைப் பாருங்க. முழங்காலை மடக்குங்க. ஓலைப்பாயில உக்காரப் போற மாதிரி... அம்புட்டு இல்லை, போதும் போதும்!"

ஐந்தாவது பந்து மட்டையில் பட்டு, பொத்தென்று முன்னால் விழுந்தது. சாமிக்கு முகமெல்லாம் சிரிப்பு. ஆறாவதை ஓங்கி அடித்தார். அது பொட்டலின் மறு ஓரத்தில், சரளைக்கல் கிடந்த இடத்துக்கு ஓடியது. சாமி அதன் பின்னால் ஓடினார். இடுப்புப் பிடிப்பு எங்கே போயிற்றோ!

அந்த ஓரத்திலிருந்து இரண்டு ஆள்காட்டிக் குருவிகள் அலறிக்கொண்டு கிளம்பின. சாமியின் தலைக்கு மேலே சுற்றின. அவர் அண்ணாந்துகூடப் பார்க்காமல் பந்தை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தார்.

"டே...ய்! நில்லு அங்கேயே! காலைக் கீழ வைக்காதே!"

வேப்பமரத்துக் காக்கைகள் எழும்பிவிட்டன. சாமி ஒரு காலைத் தூக்கியபடியே நின்றார்.

ஆச்சி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாமியைப் போய் 'டேய்' என்றுவிட்டோமே என்பதற்காக அல்ல. அது அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம். 'டேய்'யை ஒரு முழம் இழுத்து, 'நில்லு'வைப் பட்டென்று வெட்டும் சத்தம். நாலு கோர்ட்டுக்கும் கேட்கும் வைரவன் மாஸ்டரின் சத்தம். பூண்டு உரித்துக்கொண்டிருப்பவளின் கை ஒவ்வொரு தடவையும் திடுக்கென்று நிற்கும். "கொஞ்சம் மெதுவாத்தான் கத்துறது" என்று அவள் ஒவ்வொரு தடவையும் முணுமுணுப்பாள்.

"காலை வைக்கலாமா ஆச்சி?" என்று சாமி அங்கிருந்தே கேட்டார். "வலிக்குது."

"பின்னால வாங்க." வாயிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னாள். "வந்த தடத்துலயே அடியெடுத்து வச்சுப் பின்னால வாங்க. அங்க முட்டை இருக்கு."

சாமி வந்து அவள் பக்கத்தில் நின்றார். குருவிகளில் ஒன்று வேலிக்கு அப்பால் போய்த் தரையில் இறங்கி, இறக்கையைப் பரப்பிக்கொண்டு கதறியது.

"அங்கதான் கத்துது. முட்டை அங்கயா?"

"கத்துற இடத்துல இருக்காது சாமி. நம்மளை அங்க இழுக்கத்தான் அந்தக் கத்து கத்துது. முட்டை அந்தச் சரளைக்குள்ள எங்கயோ திறந்தவெளியில கிடக்கும். கல்லு மாதிரியே இருக்கும்."

"தேடிப் பார்ப்போமா?"

"ஐயோ, தேடவே கூடாது. தேடினா மிதிச்சிருவோம். விலகிப்போய்ச் சும்மா உக்காரணும். நாம பேசாம இருந்தா, அதுவா நடந்து வந்து..."

அதோடு நிறுத்திவிட்டாள்.

சாமி வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தார். ஆச்சியும் உட்கார்ந்தாள்.

வெயில் ஏறியது. கதறிக்கொண்டிருந்த குருவி அடங்கியது. நீண்ட மஞ்சள் காலால் பத்தடி நடந்தது. நின்றது. எதையோ கொத்துவதுபோலப் பாவனை செய்தது. வேறு பக்கம் போனது, திரும்பியது, இன்னும் பத்தடி. கடைசியில் சாமி மிதிக்கவிருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று, வயிற்றுச் சிறகை உலுப்பிக்கொண்டு மெல்ல அமர்ந்தது.

"பொரிச்சு, குஞ்சு நடந்து போற வரைக்கும் இந்தப் பொட்டல் நமக்கு இல்லை," என்றாள் ஆச்சி. "இருபத்தெட்டு நாள். கிளப்புல மூணாம் நம்பர் கோர்ட்டை அவுக அப்படித்தான் பூட்டுனாக. டோர்னமென்ட் நேரம். செக்ரட்டரி குதிகுதின்னு குதிச்சாரு. 'ஆட்டத்தை நாம அடுத்த மாசம் ஆடிக்கலாம், முட்டையை அது ஒத்திப்போட முடியுமா'ன்னாக."

சொல்லச் சொல்ல அவளுக்குக் கேட்டது. 'ஒத்திப்போட முடியுமா' என்பதில் அவர் ஒரு சிரிப்பைச் சேர்ப்பார். அந்தச் சிரிப்பும் கேட்டது.

சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பத்து நாளாகத் தியானத்தில் வராத அழுகை. சாமி தடுக்கவில்லை. குருவி மட்டும் ஒருதரம் தலையைத் திருப்பிப் பார்த்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து கொசுவத்தை உதறினாள். செம்மண் தூசி பறந்தது. உள்ளங்கையெல்லாம் சிவப்பு. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"குரல் வந்துருச்சு சாமி."

"ம்."

"ஆனா பஸ் பிடிச்சு வீட்டுக்குப் போனா, பூட்டை நான்தானே திறக்கணும்?"

"ஆமா."

"உள்ள யாரும் இருக்கமாட்டாகளே."

"இருக்கமாட்டாங்க."

சாமி ஆறுதல் சொல்வார் என்று அவள் எதிர்பார்த்த மாதிரித் தெரியவில்லை. ரெண்டு பேரும் அந்தப் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில், ஒரு நிழலும் இல்லாத இடத்தில், அது அசையாமல் உட்கார்ந்திருந்தது.

பசு கத்தியது. சாமி எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"உங்க போன் கொட்டகைச் சுவர்மேல இருக்கு. மறக்காம எடுத்துக்குங்க ஆச்சி."

நாலடி போனவர் நின்று, அந்தச் சுவரை மேலும் கீழும் பார்த்தார். மட்டையைச் சம்பந்தி கையைப் பிடிப்பதுபோலப் பிடித்துப் பார்த்துக்கொண்டார்.

"பொட்டல் இல்லாட்டி என்ன, இந்தச் சுவத்துல அடிக்கலாம்ல. நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும், மாஸ்டர்?"