இஞ்ஞாசிக்குத் தெரிந்த இங்கிலீஷ்

பதிலை நாக்கு நுனியில் வைத்துக்கொண்டு இந்தக் கதையைக் கேட்காதீர்கள். முடிவதற்குள் இரண்டு தடவையாவது மாற்ற வேண்டிவரும்.

புன்னைத்துறை என்ற கடற்கரை ஊரில் இஞ்ஞாசி என்று ஒரு படகுக்காரர். மனைவி மிக்கேலம்மாள், ஒரே மகள் கிளாரட். இஞ்ஞாசிக்குக் காற்று தெரியும், நீரோட்டம் தெரியும், தண்ணீருக்கடியில் எந்தப் பாறை எங்கே என்று தெரியும். எழுத்து மட்டும் தெரியாது. படகுக் காகிதங்களில் போடுவதற்காகத் தன் பெயரை இங்கிலீஷில், படம் வரைகிற மாதிரி, வரையப் பழகியிருந்தார். அவ்வளவுதான்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் மனுஷனுக்கு ஓர் ஆசை வந்தது. மத்தியானம் கரை திரும்பியதும் அவளுடைய இங்கிலீஷ் புத்தகத்தை மடியில் விரித்து, "ஏ மக்கா, இதுல என்ன போட்டிருக்குன்னா..." என்று ஆரம்பிப்பார். பல்வலி வந்த சுறாமீன் கரையேறி வைத்தியரைத் தேடிய கதை, நண்டுகள் கூடி நிலாவைக் கயிறு கட்டி இழுத்த கதை, எல்லாம் ஒரே பக்கத்திலிருந்தே வரும். அந்தப் பக்கத்தில் இருந்தது ஒரு குடையின் படம்.

இரண்டாம் வகுப்பிலேயே கிளாரட்டுக்குப் புரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அம்மாவிடம் போய்ச் சொன்னாள். மிக்கேலம்மாள் சிரிக்கவில்லை.

"தெரிஞ்ச மாதிரி காட்டிக்கிடாதட்டி. அந்த மனுசனுக்கு இந்த ஒரு பவுசுதான் இருக்கு."

பின்னால் நோயில் விழுந்து, இனி எழ மாட்டோம் என்று தெரிந்தபோது, மகளின் கையை இறுக்கிப் பிடித்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டாள். "அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதுங்கிற பேச்சு உன் வாயால வரக்கூடாது."

கிளாரட்டுக்குக் கல்யாணம் நிச்சயமான சமயம், இஞ்ஞாசியின் படகில் ஐஸ் பெட்டிக்கு அடியில் தங்கக்கட்டிகள் அகப்பட்டன. தெரிந்து ஏற்றினாரா, யாராவது ஏமாற்றி ஏற்றினார்களா என்பது வேறு வழக்கு. அதில் ஜாமீன் கிடைத்து வீட்டுக்கு வந்தும்விட்டார். ஆனால் நேற்றுச் செய்ததற்குத் தண்டிக்கிற சட்டம் ஒன்று. வெளியே விட்டால் நாளைக்கும் கடத்துவான் என்று முன்கூட்டியே அடைத்து வைக்கிற சட்டம் இன்னொன்று. அதற்குத் தடுப்புக் காவல் என்று பெயர். அந்த உத்தரவோடு அதிகாரிகள் வாசலுக்கு வந்தார்கள். கனத்த காகிதக் கட்டு, எல்லாம் இங்கிலீஷ்.

"இங்கிலீஷ் தெரியுமாய்யா?"

கதவோரம் மகள் நின்றிருந்தாள். இஞ்ஞாசி நெஞ்சை நிமிர்த்தினார். "தெரியாம என்ன? நல்லாவே தெரியும்." தன் பெயரை அழகாக வரைந்து கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

கிளாரட் தேடிப் போன வக்கீல் தாணுமூர்த்தி கட்டைப் புரட்டிப் பார்த்தார். "நல்ல ஓட்டை இருக்கு தாயி. எதுக்காக அடைக்கிறோம்னு ஒருத்தனுக்குத் தெரிஞ்ச பாஷையில சொல்லணும். சொல்லாட்டி அவன் எதுத்து மனு எழுத வழியில்லை. உத்தரவு நிக்காது. இங்கிலீஷ் தெரியாதுன்னு உங்கப்பா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

சிறையில் கம்பிவலைக்கு அந்தப்புறம் நின்ற இஞ்ஞாசி, கேள்வி கேட்ட வக்கீலைப் பார்க்கவில்லை; மகளைப் பார்த்தார். "தெரியுமே வக்கீலய்யா! எம்மககிட்டயே கேளுங்க, எத்தனை கதை படிச்சுக் காட்டியிருக்கேன்னு."

கிளாரட் தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்?

வெளியே வந்ததும் வக்கீல் கேட்டார். "அப்போ கோயில்ல உன் கையைப் பிடிச்சுப் பீடத்துக்குக் கூட்டிட்டுப் போறது யாரு? நானா?"

ஆட்கொணர்வு மனுவை வக்கீல் தயாரித்தார். தன் தந்தைக்கு எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது, அவர் கையெழுத்து வெறும் கோடு என்று கிளாரட் சத்தியம் செய்து அதில் ஒப்பமிட்டாள். பேனா பிடித்த கையை அம்மா இறுக்குகிற மாதிரி இருந்தது.

நீதிமன்றம் உத்தரவை ரத்து செய்தது. 'எழுதப் படிக்கத் தெரியாத மீனவர் விடுதலை' என்று பேப்பரில் வந்தது. இஞ்ஞாசி அதைப் படிக்கவில்லை. படிக்கத்தான் ஊர் இருக்கிறதே! சிறை வாசலிலேயே ஒரு பங்காளி பல்லைக் காட்டினான். "என்ன அண்ணே, சுறாவுக்குப் பல்வலின்னு எந்தப் புத்தகத்துல போட்டிருந்துச்சு?"

இஞ்ஞாசி மகள் பக்கமே திரும்பவில்லை. அவள் ஆட்டோ பிடிக்கச் சாலையைத் தாண்டிப் போனாள். அந்த இடைவெளியில் வக்கீல் அவர் தோளைத் தொட்டார். "அண்ணாச்சி, அரசாங்கம் மேல்முறையீடு போகலாம். இனிமே எனக்கு இங்கிலீஷ் தெரியும்னு எங்கேயும் பவுசு காட்டிராதீங்க. உங்க மக சத்தியம் பண்ணிச் சொன்னது பொய்யாயிரும்." வண்டி இரைச்சலில் கிளாரட் காதில் எதுவும் விழவில்லை.

கல்யாண நாளில் இஞ்ஞாசி மகளின் கையைப் பிடித்துப் பீடம்வரை கூட்டிப் போனார். திருமணப் பதிவேட்டில் தகப்பன் ஒப்பமிடும் இடம் வந்தது. கிளாரட்டே பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். அந்தப் பழைய இங்கிலீஷ் படத்தை அப்பா இன்னொரு தடவை வரைந்து காட்டினால் மன்னித்துவிட்டார் என்று அர்த்தம்.

இஞ்ஞாசி பேனாவைத் தள்ளி வைத்தார். மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி, ஊர் பார்க்க, உருட்டி வைத்தார். விரலைப் புது வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அதன் பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை. அப்பா என்னை மன்னிக்காமலே போய்விட்டார் என்று கிளாரட் இன்றைக்கும் அழுகிறாள்.

வீம்பைக் காத்த அப்பா, உண்மையை வெளியே இழுத்த வக்கீல், தாய்க்குக் கொடுத்த வாக்கை உடைத்த மகள். இதில் யார் செய்தது சரி? அந்தக் கட்டைவிரல் கோபமா, வேறேதாவதா?

விடை: சரியாகச் செய்தது மகள்தான், செத்தவளுக்குக் கொடுத்த வாக்கைவிட அடைபட்டவனின் மூச்சு பெரிது. கட்டைவிரல் கோபமில்லை. இங்கிலீஷில் ஓர் எழுத்து வரைந்தாலும் மகளின் சத்தியம் பொய்யாகிவிடும் என்று பயந்து, தன்னிடம் இருந்த ஒரே பவுசை அவள் காலடியில் வைத்துவிட்டார் இஞ்ஞாசி. அப்படிப் பயந்திருக்கவே வேண்டாம். அவர் கையெழுத்து வெறும் கோடு என்று மனுவிலேயே எழுதியிருந்தது. ஆனால் அந்த மனுவும் இங்கிலீஷில்தான் இருந்தது. அதை அவருக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.