வானத்தை அளந்த இலைக்கோழி

அல்லி படர்ந்த ஓர் ஏரியில் இலைக்கு இலை நடந்து திரியும் வாலன் என்ற இலைக்கோழிச் சேவல் நான்கு முட்டைகளை அடைகாத்துக்கொண்டிருந்தது. இலைக்கோழிகளின் வழக்கமே தனி. பெட்டை முட்டையிட்டுவிட்டுத் தன் பாட்டுக்குப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் சேவலின் தலையில். கூடும் பெரிதாக ஒன்றுமில்லை. மிதக்கும் இலைமேல் கொஞ்சம் பாசி, அவ்வளவுதான். ஏரியில் தண்ணீர் ஏறினால், முட்டைகளை ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணைத்து வேறு இலைக்கு நகர்த்த வேண்டும். இதில் வாலன் படு கெட்டி.

ஒருநாள் பனிமலைகளைத் தாண்டி வந்த வரித்தலை வாத்து ஒன்று பக்கத்தில் இறங்கியது.

"இதுதான் உன் ஏரியா?" என்று கேட்டது.

"ஆமாண்ணே. ரொம்பப் பெருசு. அக்கரைக்குப் போய் வர்றதுக்குள்ள மூச்சு வாங்கிடும்."

வாத்துக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தம்பி, நான் நட்சத்திரத்தைப் பார்த்தே வழி கண்டுபிடிக்கிறவன். நான் சொல்றதைக் கேளு. வானத்துல இருக்கிற நட்சத்திரக் கூட்டத்துல நம்ம சூரியன் ஒரு பொடி. சூரியன் பக்கத்துல பூமி ஒரு கடுகு. அந்தக் கடுகுல மலை, மலைக்குக் கீழே காடு, காட்டுக்குள்ள இந்த ஏரி. ஏரியில ஒரு இலை, இலைமேல உன் முட்டை, முட்டைக்குள்ள ஒரு புள்ளி. அதுக்குப் போய் ராப்பகலா குந்திக்கிட்டிருக்கியே!"

வாலனுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அன்று முழுக்க முட்டைகளின் மேல் உட்கார்ந்தபடியே வானத்தைப் பார்த்தது. என்னவோ பெரிய காரியம் செய்வதாக இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோமே என்று அதற்குக் கூச்சமாக இருந்தது. பாவம், உண்மையில் அதுவரை பெரிது சிறிது என்ற நினைப்பே அதற்கு வந்ததில்லை.

மறுநாள் மலைப்பக்கம் வானம் கறுத்து மழை பெய்தது. ஏரித் தண்ணீர் மெல்ல ஏறி, இலையின் ஓரத்தை நனைத்தது.

"வாலா, தண்ணி ஏறுது. முட்டையை நகர்த்து," என்றது பக்கத்து இலைத் தவளை.

"ஒரே ஒரு தடவை மேலே போய்ப் பார்த்துட்டு வந்துடறேன். அதுக்குள்ள என்ன ஆயிடப் போகுது?"

வட்டமடிக்க எழுந்த வாத்தின் பின்னாலேயே வாலன் பறந்தது. போகப் போக இலைகள் சுருங்கின. பிறகு அல்லிக்கொடிகள் எல்லாம் சேர்ந்து ஒரே பச்சைத் திட்டாயின. முட்டைகள் எங்கே என்று தேடியது, தெரியவில்லை.

"நீங்க சொன்னது நிஜந்தாண்ணே. அங்கே ஒண்ணுமே இல்ல போலிருக்கு," என்றது. மனம் லேசாகிவிட்டது. அந்த லேசில் கொஞ்ச நேரம் கூடுதலாகவே சுற்றியது.

இறங்கி வந்தபோது இலை தண்ணீருக்குள் போயிருந்தது. வாலன் இலை இலையாக ஓடியது. தொண்டை கம்மும்வரை கத்தியது. மூன்று முட்டைகள் போன இடம் தெரியவில்லை. ஒன்று மட்டும் கோரைப்புல்லில் மோதி உடைந்து ஒதுங்கியிருந்தது.

வாலன் குனிந்து பார்த்தது. உள்ளே, பொரியும் நாளை நெருங்கிவிட்ட ஒரு குஞ்சு. மூடிய கண்கள் இருந்தன. அலகு இருந்தது. இலைமேல் நடப்பதற்கென்றே வளர்ந்த நீண்ட விரல்களை இடம் போதாமல் மடக்கி வைத்திருந்தது. வாலன் தன் நெஞ்சை அதன்மேல் வைத்து அழுத்திப் பார்த்தது. சூடு ஏறவில்லை.

"மனசை விடாதே தம்பி," என்றது வாத்து. "இவ்வளவு பெரிய வானத்துல நாலு முட்டை எம்மாத்திரம்?"

"வானத்துக்கு ஒண்ணுமில்லண்ணே. இதுங்களுக்கு இருந்தது என் நெஞ்சு ஒண்ணுதான். அதையும் எடுத்துக்கிட்டு நான் மேலே வந்துட்டேன்."

வாத்து பறந்து போய்விட்டது. உடைந்த முட்டையை அணைத்தபடி வாலன் பொழுது சாயும்வரை அங்கேயே நின்றது.

தொலைவில் நின்று பார்த்தால் எதுவும் சிறியதாகத்தான் தெரியும். நம்மையே நம்பிக் கிடக்கும் உயிரை ஒருபோதும் அந்தத் தொலைவிலிருந்து அளக்கக் கூடாது.