உப்புத் தண்ணி வீட்டு வாடகை

பாளையங்கோட்டையில் ஞானதுரை குடியிருந்த சொந்த வீடு விலைக்கு வந்தது. மாசம் இருபதாயிரம் வாடகை வரும் என்று மனுஷர் சாதித்தார். கடன் வாங்கி அதை வாங்கவிருந்த மகராஜனுக்குச் சந்தேகம். டிரைவர் சுடலைமணியைக் கூப்பிட்டார்.

"தெருவுல ஒருத்தனும் வாயே திறக்க மாட்டேங்கான். சாயங்காலத்துக்குள்ள நெச வாடகையைக் கண்டுபிடி. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

சுடலைமணி முதலாளியையும் ஏற்றிக்கொண்டு நேரே ஞானதுரையிடமே போனான்.

"அண்ணாச்சி, வித்த பிறகு எங்க குடியிருப்பீக?"

"வாடகைக்குத்தான் வீடு பார்க்கணும்."

"எதுக்கு அலையணும்? இங்கேயே இருங்க. எங்க மொதலாளிக்கு அந்த இருபதாயிரத்தைக் குடுத்தாப் போதும்."

ஞானதுரை துள்ளி எழுந்தார். "கோட்டி புடிச்சிட்டா ஒனக்கு, பைத்தியக்காரப் பயலே? இந்த உப்புத் தண்ணி வீட்டுக்கு எட்டாயிரத்துக்கு மேல எவன் குடுப்பான்?"

சுடலைமணி முதலாளி பக்கம் திரும்பினான்.

"வாடகை தெரிஞ்சுட்டு மொதலாளி. இனி நீங்க விலையைப் பேசுங்க."