ஆடிப் பதினெட்டின் வெற்றிக் கல்

ஆடிப் பதினெட்டு, காலை. போருக்குக் கிளம்பிய படை ஆற்றங்கரையில் நின்றது. குன்றையூர் ராஜா கல்தச்சன் இருளப்பனைக் கூப்பிட்டார்.

"இன்றைக்கு நான் ஜெயித்ததாகக் கல்வெட்டு வேண்டும். இந்த வெற்றிலையை மென்று முடிப்பதற்குள் வராவிட்டால் உன் கை இருக்காது."

இருளப்பன் ஓடிப்போய்ப் பழைய கல்லொன்றை இழுத்து வந்தான். 'ஆடிப் பதினெட்டில் வென்றான்' என்று அதில் ஏற்கெனவே வெட்டியிருந்தது. பெயர் வரும் இடம் மட்டும் குழி விழுந்திருந்தது.

"ஏனடா இந்தக் குழி?"

"இதே நாளில், இதே கரையில், மூன்று ராஜாக்கள் முன்கூட்டியே வெட்டச் சொன்னார்கள், மகாராஜா. ஒருவரும் திரும்பவில்லை. ஒவ்வொரு தடவையும் பெயரைக் கொத்தி எடுத்தோம்."

குழியில் உளியை வைத்தான்.

"உங்கள் பெயரை ஆழமாக வெட்டவா, லேசாக வெட்டினால் போதுமா?"

அன்று ஆற்றில் இறங்கியது ராஜா துப்பிய வெற்றிலை மட்டும்தான்.