கண்ணைத் திறந்தவன் பேரு

சரி, சொல்றேன். ஒரே கதைதான். முடிஞ்சதும் இன்னொண்ணு கேட்டீங்கன்னா எந்திரிச்சுப் போயிடுவேன். பகல் பூரா நின்னு காலு ரெண்டும் விண்ணுவிண்ணுன்னு தெறிக்குது. ம் கொட்டுங்க.

ஒரு ஊருல உலகப்ப ஆசாரின்னு ஒருத்தன், அவன் பொண்டாட்டி குயிலாயின்னு ஒருத்தி. மரத்துல உருவம் செதுக்கறதுல உலகப்பனை மிஞ்ச ஆளில்லைன்னு ஊரே சொல்லும். ஆனா உளி பிடிச்சது பூரா குயிலாயி. அவ அப்பன்கிட்ட கத்துக்கிட்டது. மரத்தைத் தடவிப் பாத்து நாரு எந்தப் பக்கம் ஓடுதோ அந்தப் பக்கமே உளியை விடுவா. இவன் தின்னுட்டுத் தூங்குவான். அந்த ஊருல ஒரு வழக்கம், எதைச் செதுக்கினாலும் கண்ணை மட்டும் கடைசியா, நாலு பேர் முன்னால திறக்கணும். கண்ணைத் திறந்தவன் பேருதான் நிக்கும். அதனால அந்த நேரத்துக்கு மட்டும் குளிச்சு, விபூதி பூசிக்கிட்டு உளியோட வந்து நிப்பான் மகராசன்.

அப்படி இருக்கையில குயிலாயிக்குப் பொறந்த ஊருல இருந்து சேதி வந்துச்சு. "உங்க ஆத்தா படுத்த படுக்கையா கெடக்கா, உன் பேரைத்தான் சொல்லிக்கிட்டே இருக்கா"ன்னு. அவ அழுதுக்கிட்டே, "ஏங்க, ஒரு எட்டு பாத்துட்டு வந்துடறேங்க"ன்னா. அவன், "ராசா வீட்டுத் தொட்டிலுக்குக் கிளி கேட்டிருக்காங்க, அதை முடிச்சுட்டுப் போ புள்ள"ன்னான். சரின்னு சமைச்சா, செதுக்கினா, தண்ணி எடுத்தா, செதுக்கினா. கிளி முடிஞ்சுது. அவன் போய்க் கண்ணைத் திறந்தான், ராசா அவன் கையில காப்புப் போட்டாரு.

"ஏங்க, ஆத்தாளைப் பாக்க..."

"கதவுக்கு ரெண்டு மயில் கேட்டிருக்காங்க, அதை முடிச்சுட்டுப் போ."

மறுபடியும் சமைச்சா, செதுக்கினா, தண்ணி எடுத்தா, செதுக்கினா. மயிலு ரெண்டும் முடிஞ்சுது, அவன் கண்ணைத் திறந்தான், அவனுக்குப் பட்டு வந்துச்சு. அவளுக்கு என்ன வந்துச்சுன்னு கேக்கறியா? இடுப்பு வலி வந்துச்சு.

"ஏங்க, ஆத்தா உசுரோட இருக்கறப்பவே..."

"சாமி ஏறுற குதிரை கேட்டிருக்காங்க புள்ள. இது ஒண்ணுதான், சத்தியமா!"

ஆள் உயரத்துக்கு வாகை மரத்துல குதிரை. உளியைப் பிடிச்சபடியே தூங்கி விழுவா, முழிப்பா, செதுக்குவா. தலையைச் செதுக்கறப்போ சரியா எடது கண்ணு வர்ற எடத்துல ஒரு கணு வந்து நின்னுது. கல்லு மாதிரி கெட்டியான கணு. அதைக் கொத்துனா சுத்தி இருக்கிற மரம் பிளந்துக்கும். அவ அந்தக் கணுவையே கருவிழியா வச்சு, சுத்தியும் பதமா செதுக்கி விட்டுட்டா. எண்ணெய் தொட்டுத் தேய்ச்சா கண்ணு தானா முழிச்சுக்கும்.

அதை அவன்கிட்ட மறைச்சாளா? இல்லையே! காலையில சோறு போடறப்போ சொன்னா, "எடது கண்ணுல உளி வைக்காதீங்க." குதிரையை வண்டியில ஏத்தறப்போ சொன்னா. வண்டி கெளம்பறப்போ பின்னாலயே ஓடிச் சொன்னா. "எனக்கே சொல்லித் தர்றியாடி?"ன்னு அவன் முறைச்சான். அவளுக்கு மனசு கேக்கல, பின்னாலயே நடந்தா.

அரமனை வாசல்ல ஊரே கூடியிருந்துச்சு. ராசா, "இது யாரு செஞ்சது?"ன்னாரு. "நான்தான் மகாராசா!"ன்னான். "கூட யாரும் உண்டா?"ன்னாரு. "ஒருத்தரும் இல்ல மகாராசா!"ன்னான். ராணியம்மா, "வீட்டுல ஒத்தாசை உண்டா?"ன்னாங்க. "பொம்பளை கையே படலைங்க!"ன்னான். சொல்லிட்டு, பெரிய வேலையாத் தெரியட்டும்னு எடது கண்ணுல உளியை வச்சு ஓங்கி ஒண்ணு போட்டான். சடக்! கணு தெறிச்சு ராசா காலடியில விழுந்துச்சு, குதிரை மூஞ்சி வாய் வரைக்கும் பிளந்துபோச்சு.

"ஐயையோ, இதைச் செஞ்சது என் பொண்டாட்டிங்க!"ன்னு கத்துனான்.

"அப்போ கிளியும் மயிலும்?"னு கேட்டாரு ராசா.

அவன் காப்புப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால மறைச்சுக்கிட்டான்.

குயிலாயியைக் கூப்பிட்டாங்க. தலையெல்லாம் மரத்தூளு. ராசா, "இதைச் சரிபண்ண முடியுமாம்மா?"ன்னாரு. அவ பிளந்த எடத்தை விரலால தடவிப் பாத்தா. "முடியுங்க. சிராய் வச்சு அரக்கு ஊத்தினாப் போதும். ஆனா நான் பண்ண மாட்டேன். எனக்கு ரொம்பக் களைப்பா இருக்குங்க மகாராசா. எங்க ஆத்தாளைப் பாக்கணும்"னு சொல்லிட்டு அங்கேயே தரையில உக்காந்துட்டா.

ராசா அவளை ஆத்தா ஊருக்குக் கொண்டுபோய் விடத் தன்னோட வில்லுவண்டியைப் பூட்டச் சொன்னாரு. அவன் பக்கம் திரும்பி, "காப்பையும் பட்டையும் கழட்டி அந்தம்மாகிட்ட குடு. நீதானே செஞ்ச? நீயே சரிபண்ணு. முடிக்கிற வரைக்கும் பட்டறையை விட்டு எந்திரிக்கக் கூடாது"ன்னுட்டாரு. அவனுக்கு நாரு எந்தப் பக்கம் ஓடுதுன்னே தெரியாது. வச்ச உளியெல்லாம் எதிர்ப்பக்கம் பாஞ்சு, ஒரு பிளவு ரெண்டாச்சு, ரெண்டு நாலாச்சு. இன்னும் கொத்திக்கிட்டுத்தான் கெடக்கான்.

ஆத்தாளா? இருந்தா, இருந்தா. மூஞ்சியைச் சுருக்காத. கண்ணு மங்கிப்போயிருந்துச்சு. மகளோட கையைத் தடவி, காய்ச்சுப்போன எடத்தைத் தொட்டதும், "குயிலு, இவ்வளவு வேலையாடி செஞ்ச?"ன்னா. அத்தனை வருசத்துல அப்படி ஒருத்தர் கேட்டது அன்னிக்குத்தான். குயிலாயி அவ மடியில தலையை வச்சுத் தூங்கினவ, மறுநாள் வெயில் ஏறுற வரைக்கும் எந்திரிக்கவே இல்ல.

அதனால, யாரு செஞ்சாங்களோ அவங்க பேரைச் சொல்லுங்கடா. காலையில இட்லி சுட்டது யாருன்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க. உளியும் ஓஞ்சுது, குயிலும் ஓஞ்சா, நானும் ஓஞ்சேன். போர்வையை இழுத்துக்கிட்டுப் படுங்க.