நேரலையில் அழுதவர்கள்

அமெரிக்காவில் ரிவர்ட்டன் யுனைடெட் என்று ஒரு கால்பந்து கிளப். உலகமெங்கும் தன் பெயர் ஒலிக்க வேண்டுமென்று அதற்கு ஆசை. அதற்காக வடசென்னையில் ஒரு குடிசைப் பகுதியை இடித்துத் திடல் கட்டியது. வீடிழந்தவர்கள் பக்கத்திலேயே தகரக் கொட்டகையில் கிடந்தார்கள்.

ஒருநாள் அந்த கிளப் அமெரிக்காவில் பெரிய போட்டியொன்றில் தோற்றது. உடனே அதன் சென்னை மேலாளர் ஆதர்ஷ், கேமராவோடு கொட்டகைக்கு வந்தார்.

"நம்ம டீம் தோத்துப்போச்சு. நீங்கல்லாம் அழணும், உலகமே நேரலையில பார்க்கும். அழலைன்னா கொட்டகையைக் காலி பண்ணிடுங்க."

அந்த டீமை அங்கே யாரும் பார்த்ததே இல்லை. ஜனங்கள் விழித்தார்கள். மீன் விற்கும் எஸ்தர் மட்டும் முன்னே வந்தாள்.

"அழுவுறோம் சார். மனசுல இருக்கறத சொல்லி அழலாமா?"

"அதுதாம்மா வேணும்!"

எல்லோரையும் திடலில் நிறுத்தினார்கள். கேமரா ஓடியது.

"இந்த கிளப் உங்களுக்கு என்ன?" என்று கேட்டார் ஆதர்ஷ்.

"எங்க வூடு சார்," என்றாள் எஸ்தர். ஆதர்ஷ் பூரித்துப்போனார்.

"நீங்க நிக்கிற எடம் என் அடுப்படி. அதோ, கோல் கம்பம் நட்ட எடத்துல என் மாமியா படுத்துக் கெடந்தாங்க. புல்டோசர் வந்தப்ப அவங்களால எழுந்திருக்க முடியல."

பின்னால் நின்றவர்கள் ஓவென்று அழுதார்கள். அவள் சொன்னதெல்லாம் ஆங்கிலத்தில் திரைக்கடியில் ஓடியது. ஆதர்ஷ் பாய்ந்துபோய்க் கேமராவை மூடினார்.

"போதும், நிறுத்துங்க!"

"கேமராவ நிறுத்திட்டீங்க சார். இந்த அழுகைய எப்படி நிறுத்தறதுன்னு எங்களுக்குத் தெரியல," என்றாள் எஸ்தர்.

அந்த மாதமே கிளப் சென்னையை விட்டுக் கிளம்பியது. ஜனங்கள் திடலுக்குள் மறுபடி குடிசை போட்டார்கள். மாமியார் கிடந்த இடத்தில் மறுபடி குடிசை போட மனம் வராமல், எஸ்தர் மட்டும் கொட்டகையிலேயே தங்கிவிட்டாள்.